மூன்று வயது மகளுடன் லண்டன் ரயிலில் தனியாகப் போகலாமா?

கொங்குப் பகுதியைச் சேர்ந்த 31 வயது வாசகி ஒருவர் லண்டனிலிருந்து நீண்ட கடிதம் ஒன்றை எழுதியிருக்கிறார். அடையாளங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன். கணவருக்கு அங்கே இரண்டு ஆண்டு வேலை. செப்டம்பரில் குடும்பமாகப் போய், நகரின் கிழக்கே இல்ஃபோர்டில் வாடகை வீட்டில் குடியிருக்கிறார்கள். மகளுக்கு மூன்று வயது இரண்டு மாதம். கணவர் காலையில் கிளம்பினால் இரவுதான் திரும்புகிறார். அதுவரை தாயும் மகளும் நான்கு சுவருக்குள் இருக்கிறார்கள். மகளுக்கு நகரைச் சுற்றிக் காட்ட வேண்டும் என்று பதினான்கு இடங்களைப் பட்டியலிட்டு வைத்திருக்கிறார். ஆனால் இதுவரை தனியாகக் கிளம்பியது மூன்றே முறை, மூன்றும் முள்ளாகத் தைத்துவிட்டன.

முதல் முறை பேருந்தில் சக்கர நாற்காலியில் ஒருவர் ஏற, ஓட்டுநர் இவரிடம் ஸ்ட்ரோலரை (குழந்தையை வைத்துத் தள்ளும் வண்டியை) மடிக்கச் சொல்லியிருக்கிறார். தூங்கும் குழந்தையும் இரண்டு பைகளுமாக இருந்தவர் அவமானம் தாங்காமல் இறங்கிவிட்டார். நிறத்தைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னாரோ என்ற சந்தேகம் இன்னும் இருக்கிறது. இரண்டாம் முறை, ஆழ்சுரங்கத்தில் ஓடும் ரயில் ஒன்றில் குழந்தை காதைப் பொத்திக்கொண்டு இறங்கும்வரை வீறிட்டு அழுதிருக்கிறாள். மூன்றாம் முறை, நெரிசலான நடைமேடையில் கையை உதறிவிட்டு ஓடிய குழந்தையைப் பிடித்து முதுகில் ஓர் அடி வைத்துவிட்டார். அருகில் நின்ற பெண்மணி உறுத்துப் பார்த்தார். அன்றிலிருந்து, யாராவது புகார் கொடுத்துக் குழந்தையைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயத்தில் இவருக்குத் தூக்கம் இல்லை. "சனி, ஞாயிறில் நான் அழைத்துப் போகிறேன், அவசரமென்றால் டாக்ஸி பிடித்துக்கொள்" என்கிறார் கணவர். "குளிரில் பிள்ளையை வெளியே எடுக்காதே" என்று மாமியார் தினமும் தொலைபேசியில் எச்சரிக்கிறார். மகளுக்கு ஐந்து வயதாகும்வரை காத்திருக்கலாமா என்பது இவருடைய கேள்வி.

அன்புள்ள வாசகிக்கு,

காத்திருக்க வேண்டாம். மகளுக்கு ஐந்து வயதாகும்போது நீங்கள் ஊர் திரும்பும் ஏற்பாட்டில் இருப்பீர்கள். நான் குழந்தை நல மருத்துவர். கிழக்கு லண்டனில் நான்கு ஆண்டுகள் பணியாற்றியபோது என் மகனுக்கும் ஏறத்தாழ உங்கள் மகளின் வயதுதான். ஆகவே மருத்துவராகவும், அதே நடைமேடைகளில் அதே அழுகையைக் கேட்ட தாயாகவும் பதில் எழுதுகிறேன். சட்டம் குறித்து நான் சொல்வது பொதுவான விளக்கம் மட்டுமே. எந்த அலுவலகத்திலிருந்தாவது உங்களுக்குக் கடிதம் வந்தால் அங்குள்ள வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள்.

உங்கள் பட்டியலிலிருந்தே தொடங்குகிறேன். பதினான்கு இடங்களும் நல்ல இடங்கள்தான், ஆனால் அவை உங்களுக்கானவை. மூன்று வயதுக் குழந்தைக்குக் கோபுரமும் அரண்மனையும் பெரிய கட்டடங்கள், அவ்வளவுதான். கதவு மூடும்போது எழும் ஒலி, சிவப்புப் பேருந்தின் மாடிப்படி, தானாக நகரும் படிக்கட்டு, எதிரே வரும் ரயிலின் விளக்கு ஆகியவைதான் அவளுடைய லண்டன். பெரிய அருங்காட்சியகம் ஒன்றில் அரை நாள் சுற்றிவிட்டு வந்த என் மகன், அன்று என்ன பார்த்தாய் என்று அவன் தாத்தா கேட்டபோது, லிஃப்ட் பொத்தானை இரண்டு முறை அழுத்தியதைத்தான் சொன்னான். நீங்கள் இடத்தை முடிவு செய்துவிட்டு அதற்கு வழி தேடுகிறீர்கள். குழந்தைக்கு ஒத்துவரும் வழியை முதலில் பாருங்கள், அந்த வழியில் எந்த இடம் வருகிறதோ அதற்குப் போங்கள். உங்கள் மூன்று பயணங்களில் இரண்டு, வழி சரியில்லாததால் கெட்டவை.

வழியைத் தேர்ந்தெடுப்பது

லண்டன் பாதாள ரயில் 1863இல் ஓடத் தொடங்கியது. அதன் 272 நிலையங்களில் பெரும்பாலானவை படியில்லாத வழி பற்றி யாரும் நினைத்திராத காலத்தில் கட்டப்பட்டவை என்பதால், சுமார் மூன்றில் ஒரு பங்கு நிலையங்களில்தான் தெருவிலிருந்து நடைமேடைவரை படியேறாமல் போக முடியும். ஸ்ட்ரோலரோடு போகும் தாய்க்கு இது பெரிய தொல்லை. ஆனால் இல்ஃபோர்டில் வீடு அமைந்தது உங்கள் அதிர்ஷ்டம். உங்கள் நிலையம் எலிசபெத் லைனில் இருக்கிறது. 2022 மே 24 அன்று திறக்கப்பட்ட அந்தத் தடத்தின் 41 நிலையங்களிலும் படியில்லாத வழி உண்டு. நகர மையத்தில் பூமிக்கடியில் இருக்கும் அதன் புதிய நிலையங்களில் நடைமேடையின் விளிம்பு முழுவதும் கண்ணாடித் தடுப்பு இருக்கிறது. ரயில் வந்து நின்ற பிறகே அதிலுள்ள கதவு திறக்கும். கையை உதறிவிட்டு ஓடும் வயதில் பிள்ளை வைத்திருப்பவருக்கு இதைவிட ஆறுதலான ஏற்பாடு கிடையாது. இல்ஃபோர்டு போன்ற திறந்தவெளி நிலையங்களில் அந்தத் தடுப்பு இல்லை. அங்கே ஸ்ட்ரோலரில் வாரைப் பூட்டி, சுவரை ஒட்டி நின்று, ரயில் நின்ற பிறகு நகருங்கள்.

ரயில் வரைபடத்தில் நிலையப் பெயர்களின் அருகே சக்கர நாற்காலிச் சின்னம் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது நீல நிறத்தில் இருந்தால் தெருவிலிருந்து ரயில் பெட்டிவரை படியில்லை. வெள்ளையாக இருந்தால் நடைமேடைவரை மட்டும் படியில்லை, பெட்டிக்குள் ஏற இடைவெளியோ உயரமோ இருக்கும். வெள்ளைச் சின்னமுள்ள நிலையத்தில் ஸ்ட்ரோலரின் முன்சக்கரத்தைத் தூக்கி ஏற்றப் பழகிக்கொண்டால் போதும், யாரிடமும் உதவி கேட்க வேண்டியிருக்காது. கேட்டாலும் தவறில்லை. அந்த ஊரில் முகம் கொடுத்துப் பேசமாட்டார்களே தவிர, ஸ்ட்ரோலரின் மறுமுனையைச் சொல்லாமலே பிடித்துத் தூக்கிவிட்டுப் போய்விடுவார்கள்.

அவள் காதைப் பொத்திக்கொண்டு அழுததை நீங்கள் பிடிவாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குறுகிய பழைய குழாய்ச் சுரங்கங்களில் ரயில் வளைவில் திரும்பும்போது எழும் கிறீச்சொலி பெரியவர்களையே பேச்சை நிறுத்த வைக்கும். அந்த ஒலி எங்கிருந்து வருகிறது, எப்போது நிற்கும் என்பது எதுவும் குழந்தைக்குத் தெரியாது. காதைப் பொத்திக்கொண்டது அவள் செய்யக்கூடிய மிகச் சரியான காரியம். சில மாதங்களுக்கு ஆழ்சுரங்கத் தடங்களைத் தவிர்த்துவிடுங்கள், அல்லது குழந்தைகளுக்கான காதுக்கவசம் ஒன்றை வாங்கி வீட்டிலேயே போட்டுப் பழக்குங்கள். வீட்டிலும் மிக்ஸி ஓடும் ஓசைக்கெல்லாம் அவள் இதே அளவுக்கு மிரள்கிறாள் என்றால், அதை மட்டும் உங்கள் குடும்ப மருத்துவரிடம் ஒரு முறை சொல்லுங்கள்.

பயணச்சீட்டு

குழந்தைக்காக ஒரு முறை, உங்களுக்காக ஒரு முறை என்று நிலைய வாசலிலுள்ள கருவியில் ஒரே வங்கி அட்டையை இரண்டு தடவை தட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு அவசியம் இல்லை. பயணச்சீட்டுள்ள பெரியவருடன் வரும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு லண்டன் ரயில்களிலும் பேருந்துகளிலும் கட்டணம் கிடையாது, தனி அட்டையும் வேண்டாம். அகலமான கதவின் வழியே இருவரும் சேர்ந்தே போய்விடலாம். பெரியவர்களுக்கோ ஆளுக்கு ஓர் அட்டை கட்டாயம். நீங்களும் கணவரும் ஒரே அட்டையைப் பகிர முடியாது. உள்ளே போகும்போது அட்டையையும் வெளியே வரும்போது கைபேசியையும் தட்டினால், இரண்டும் ஒரே வங்கிக் கணக்கைச் சேர்ந்தவையாக இருந்தாலும், முற்றுப்பெறாத இரண்டு பயணங்களாகக் கணக்காகிக் கூடுதல் பணம் போய்விடும். வார நாட்களில் காலை 6.30 முதல் 9.30 வரையும் மாலை 4 முதல் 7 வரையும் ரயிலில் கட்டணமும் அதிகம், நெரிசலும் அதிகம். ஒன்பதரைக்கு மேல் கிளம்பி நான்குக்குள் வீடு திரும்புவது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும் என்பதால் அதுவே இயல்பான நேரமாகவும் இருக்கும்.

மடிக்கச் சொன்ன ஓட்டுநர்

நிறவெறி அந்த நகரில் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உங்களுக்கு நடந்தது, நீங்கள் விவரித்திருக்கும் அளவில், விதியின்படி நடந்தது. பேருந்தின் நடுவிலுள்ள அந்தக் காலியிடம் சக்கர நாற்காலிக்காக ஒதுக்கப்பட்டது. அது காலியாக இருக்கும்போது ஸ்ட்ரோலர் நிற்கலாம், நாற்காலி வந்துவிட்டால் ஸ்ட்ரோலர் விலக வேண்டும். இந்தக் கேள்வி அந்நாட்டு உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கிறது என்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். 2012இல் வெதர்பியிலிருந்து லீட்ஸ் போகவிருந்த டக் பாலி என்ற சக்கர நாற்காலிப் பயணி, தூங்கும் குழந்தையோடு நின்ற ஒரு தாய் ஸ்ட்ரோலரை மடிக்க முடியாது என்று மறுத்ததால் பேருந்தில் ஏற முடியாமல் போனது. 2017 ஜனவரியில் வந்த தீர்ப்பு, ஓட்டுநர் ஒரு முறை கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடக் கூடாது, காரணமின்றி மறுப்பவரை மேலும் வற்புறுத்த வேண்டும் என்றது. தேவைப்பட்டால் வண்டியைச் சில நிமிடம் நிறுத்திவைக்கலாம் என்றும் சொன்னது. ஆக, உங்கள் ஓட்டுநர் தம் கடமையைத்தான் செய்தார். அவர் கேட்ட தொனியில் மரியாதை இல்லை என்றால் அது வேறு விஷயம், அதற்குப் புகார் கொடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

அதற்காக நீங்கள் பேருந்தைவிட்டே இறங்க வேண்டியதில்லை. குழந்தையை இருக்கையில் உட்கார வைத்துவிட்டு ஒரு கையால் மடிக்கக்கூடிய இலகுவான ஸ்ட்ரோலராக மாற்றிக்கொள்ளுங்கள். கைப்பிடியில் பைகளைத் தொங்கவிடாமல் முதுகுப்பை ஒன்றே போதும் என்று வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். இறங்க நேர்ந்தாலும் நட்டமில்லை. முதல் பேருந்தில் அட்டை தட்டியதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அடுத்த பேருந்தில் ஏறினால் மறுபடியும் கட்டணம் பிடிக்கமாட்டார்கள்.

அந்த ஓர் அடி

கடிதத்தில் நீங்கள் இரண்டே வரியில் எழுதிக் கடந்துபோன விஷயம் இது. ஆனால் அந்த இரண்டு வரிகளில்தான் உங்கள் பயம் முழுவதும் இருக்கிறது. குழந்தை ரயிலில் அழுதாள், நடைமேடையில் புரண்டாள், தாய் குரலை உயர்த்தினாள் என்பதற்கெல்லாம் எந்த அரசும் குழந்தையைப் பிரித்துக்கொண்டு போகாது. குழந்தையைப் பெற்றோரிடமிருந்து எடுத்து அரசுப் பராமரிப்பில் வைக்கப் பொதுவாக நீதிமன்றத்தின் ஆணை வேண்டும். குழந்தைக்குக் கடும் தீங்கு நேர்கிறது அல்லது நேரக்கூடும் என்று அங்கே நிறுவ வேண்டும் என 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் சொல்கிறது. யாராவது கவலைப்பட்டுத் தகவல் கொடுத்தாலும், பெரும்பாலும் அது விசாரிப்பதிலும் உதவி ஏதும் வேண்டுமா என்று கேட்பதிலும்தான் தொடங்கும். என்னோடு பணியாற்றிய சமூகப் பணியாளர்கள் பலர் தாமே சிறு பிள்ளைகளின் தாய்மார்கள். ரயிலில் வீறிட்டு அழும் குழந்தையை அவர்கள் தினமும் வீட்டிலேயே பார்க்கிறார்கள்.

அதே சமயம், அடித்தது பரவாயில்லை என்றும் நான் எழுதப் போவதில்லை. ஸ்காட்லாந்து 2020இலும் வேல்ஸ் 2022இலும் குழந்தையை அடிப்பதை முற்றிலும் தடை செய்துவிட்டன. நீங்கள் இருக்கும் இங்கிலாந்தில், நான் இதை எழுதும்போது, 'நியாயமான தண்டனை' என்ற வாதத்துக்குச் சட்டம் சிறிதளவு இடம் விட்டிருக்கிறது. உடலில் காயம் ஏற்படுத்தும் அடிக்கு அந்த இடமும் கிடையாது. சட்டத்தை விடுங்கள். நம் வீடுகளில் முதுகில் ஒன்று வைப்பதை யாரும் அடியாகவே கணக்கில் எடுப்பதில்லை, நானும் அப்படித்தான் வளர்ந்தேன். ஆனால் ஓடும் குழந்தையைப் பிடித்த பிறகு விழும் அடி, ஓடியதற்காக விழுந்தது என்று மூன்று வயதில் புரியாது. அம்மாவிடம் பிடிபட்டால் வலிக்கும் என்பதுதான் அவளுக்குப் புரியும். அடுத்த முறை பிடிபடாமல் ஓடப் பார்ப்பாள். நடைமேடையில் அதைவிட ஆபத்தான பாடம் வேறில்லை.

அதற்குப் பதிலாக ஒரே ஒரு விதியை வீட்டிலேயே விளையாட்டாகப் பழக்குங்கள். நடைமேடை விளிம்பின் மஞ்சள் கோடு தெரிந்தால் அம்மாவின் கை, அல்லது ஸ்ட்ரோலர். இரண்டில் எது என்பதை அவளே சொல்லட்டும், மூன்றாவது வழி கிடையாது. கூட்டம் மிகுந்திருந்தால் அந்த ரயிலை விட்டுவிடுங்கள், சில நிமிடங்களில் அடுத்தது வரும். கதவு மூடும் ஒலி கேட்ட பிறகு ஓடிப்போய் ஏறவே ஏறாதீர்கள். தாயும் குழந்தையும் கதவின் இரு பக்கமாகப் பிரிய வாய்ப்புள்ள தருணம் அதுதான். உங்கள் கைபேசி எண்ணை அவள் சட்டையின் உட்புறத்தில் எழுதி வையுங்கள். அப்படிப் பிரிய நேர்ந்தால், நடைமேடையில் உள்ள உதவிப் பொத்தானை அழுத்தினால் ஊழியர்கள் அடுத்த நிலையத்துக்குத் தகவல் சொல்லிவிடுவார்கள். ரயிலில் யாராவது தொல்லை கொடுத்தால் ரயில்வே போலீசாருக்கு 61016 என்ற எண்ணில் குறுஞ்செய்தி அனுப்பலாம், அவசரத்துக்கு 999. நகரும் படிக்கட்டில் ஸ்ட்ரோலரோடு ஏற வேண்டாம், லிஃப்டையே பயன்படுத்துங்கள்.

டாக்ஸியும் குளிரும்

உங்கள் கணவரின் அக்கறை நியாயமானது, ஆனால் டாக்ஸி பாதுகாப்பானது என்ற அவருடைய எண்ணம் சரியல்ல. அந்நாட்டில் 12 வயது அல்லது 135 சென்டிமீட்டர் உயரம் வரை குழந்தைகள் காரில் தங்களுக்குரிய இருக்கையில்தான் அமர வேண்டும். டாக்ஸிக்கு விலக்கு உண்டு. தனி இருக்கை இல்லாதபோது, மூன்று வயதைத் தாண்டிய குழந்தை பெரியவர்களின் வாரைப் போட்டுக்கொண்டு பின்னால் அமரலாம். சட்டம் அனுமதிக்கிறதே தவிர, அந்த வார் அவளுடைய கழுத்திலும் வயிற்றிலும்தான் போய்ப் பொருந்தும். மோதலில் வார் இருக்க வேண்டிய இடங்கள் தோளும் இடுப்பெலும்பும். அவசரத்துக்கு டாக்ஸி பிடிப்பது வேறு, ரயிலுக்குப் பயந்து தினசரி டாக்ஸிக்குப் போவது வேறு.

உங்கள் மாமியாரிடம், சளியைத் தருவது வைரஸ், வெளிக்காற்று அதைத் தருவதில்லை என்று டாக்டர் சொன்னதாகச் சொல்லிப் பாருங்கள். கேட்பார் என்று உறுதி தரமாட்டேன், என் மாமியார் கேட்கவில்லை. ஆனால் அவர் சொல்வதில் ஒரு பாதி உண்மை. நடக்கும் உங்களுக்கு உடல் சூடேறும், ஸ்ட்ரோலரில் அசையாமல் இருக்கும் குழந்தைக்கு ஏறாது. ஆகவே உங்களைவிட அவளுக்கு ஓர் அடுக்கு உடை கூடுதலாக வேண்டும். ரயிலுக்குள் போனதும் தொப்பியையும் மேலங்கியையும் கழற்றிவிடுங்கள். வியர்த்த உடையோடு மறுபடி குளிரில் இறங்குவதுதான் அவளை நடுங்க வைக்கும். காய்ச்சல் உள்ள நாளில் கிளம்ப வேண்டாம். குடும்ப மருத்துவரிடம் இன்னும் பதிவு செய்யவில்லை என்றால் இந்த வாரமே செய்துவிடுங்கள். இரவு பகல் எந்நேரமும் ஆலோசனை கேட்க 111 என்ற எண் இருக்கிறது.

முதல் பயணம்

எலிசபெத் லைன் ரயில்களில் கழிப்பறை கிடையாது. மூன்று வயதில் 'இப்போதே' என்றால் இப்போதே என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் முதல் பயணம் குறுகியதாக இருக்கட்டும். செவ்வாய் அல்லது புதன் காலை பத்து மணிக்கு, சாப்பாடு முடிந்து, கழிப்பறைக்கும் போய்வந்து, இல்ஃபோர்டில் ரயில் ஏறுங்கள். மேனர் பார்க், ஃபாரஸ்ட் கேட், மேரிலேண்ட், ஸ்ட்ராட்ஃபோர்டு என்று நான்காவது நிறுத்தத்தில் இறங்கிவிடுங்கள். அங்கே நிலையத்தை ஒட்டியே பெரிய வணிக வளாகம் இருப்பதால் கழிப்பறைக்கு அலைய வேண்டாம். ஒலிம்பிக் பூங்காவில் டம்ப்ளிங் பே என்ற விளையாட்டுத் திடல் இருக்கிறது, நுழைவுக் கட்டணம் இல்லை. முதல் நாள் அவ்வளவு தூரம் நடக்கக்கூட வேண்டாம், ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு, மகள் உற்சாகமாக இருக்கும்போதே திரும்பிவிடுங்கள். மதியத் தூக்கம் ஸ்ட்ரோலரில் நடக்காமல் வீட்டில் நடக்கட்டும்.

இரண்டு முறை இது சரியாக நடந்தால், மூன்றாம் முறை ஸ்ட்ராட்ஃபோர்டில் டிஎல்ஆர் (டாக்லேண்ட்ஸ் லைட் ரயில்வே) ரயிலுக்கு மாறுங்கள். 1987இலிருந்து ஓடும் அந்தச் சிறு ரயிலில் ஓட்டுநர் அறை கிடையாது. முன்வரிசை இருக்கை காலியாக இருந்தால், ரயிலை ஓட்டுவது உங்கள் மகள்தான். என் மகன் அங்கே உட்கார்ந்து பெரிய மனிதர்களுக்கெல்லாம் நிறுத்தம் அறிவித்திருக்கிறான். பெரும்பாலும் பாலத்தின் மேல் ஓடுவதால் சுரங்க ஒலியும் குறைவு, எல்லா நிலையங்களிலும் படியில்லாத வழி உண்டு. கேனரி வார்ஃபில் லூயிஷம் போகும் ரயிலுக்கு மாறி மட்ச்யூட்டில் இறங்கினால், கண்ணாடிக் கோபுரங்கள் பின்னணியில் நிற்க, ஆடு மேயும் பண்ணை ஒன்று இருக்கிறது. அதற்கும் கட்டணம் இல்லை. அடுத்து, எலிசபெத் லைனில் ஒயிட்சேப்பல் வரை போய் அங்கிருந்து பேருந்தில் பெத்னல் கிரீன் போனால், 2023இல் புதுப்பித்துத் திறக்கப்பட்ட யங் வி அண்ட் ஏ இருக்கிறது. அது குழந்தைகளுக்காகவே அமைக்கப்பட்ட இலவச அருங்காட்சியகம். உங்கள் பட்டியலில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அருகிலுள்ள சவுத் கென்சிங்டன் நிலையத்தில் படிகள் உண்டு. அதைக் கணவரோடு போகும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்குங்கள், ஒருவர் குழந்தையையும் ஒருவர் ஸ்ட்ரோலரையும் தூக்கிக்கொள்ளலாம். லண்டன் டவர் கோட்டை, செயின்ட் பால்ஸ் தேவாலயம் இரண்டையும் 15ஆம் எண் பேருந்தின் சன்னலிலிருந்து பார்த்துக்கொள்ளலாம். மாடியில் உட்கார அவள் அடம்பிடித்தால், வண்டி நிற்கும்போது ஏறி, உங்கள் நிறுத்தத்தில் வண்டி நின்ற பிறகு இறங்குங்கள். ஓட்டுநர் காத்திருப்பார்.

பையில் ஒரு மாற்றுடை, தண்ணீர், பிஸ்கட், ஈரத்துணி போதும். ஐந்தாறு பொம்மைகளை எடுத்துப் போகாதீர்கள், ஒன்று ரயிலில் தொலையும், அன்றைய நாள் முழுவதும் அதற்கான துக்கத்திலேயே கழியும்.